குலுக்கினால் மணலும் ஓடும்!

அரிசி அளப்பவர்கள் படியை ஒரு குலுக்குக் குலுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி நெருங்கிப் படியும். மேலும் ஒரு பிடிக்கு இடம் கிடைக்கும்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் மணலைக் குலுக்கினால் நடப்பது வேறு!

மண் கஞ்சியாகிறது

மணலின் சந்துகளில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. பூகம்பம் குலுக்கும்போது மணல் நெருங்கப் பார்க்கிறது. தண்ணீர் உடனே வெளியேற முடியாது. அதன் அழுத்தம் ஏறுகிறது. ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்த மணல்கள் பிடி நழுவி மிதக்கின்றன. கெட்டியான மண் கஞ்சியாகிறது! சரிவாக இருந்தால் வழிந்து ஓடுகிறது. மென்மையான வண்டலும் இப்படி ஆகலாம்.

80 ஆயிரம் பேர் வெளியேறினார்கள்

1971 பிப்ரவரி 9. காலை 6 மணி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பூகம்பம். அங்குள்ள சான் பெர்னாண்டோ கீழ் அணை, மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து கொட்டிக் கட்டியது. ஆட்டம் நின்று சுமார் அரை நிமிடம் கழித்து, தண்ணீர்ப் பக்கத்துச் சரிவு உச்சியோடு சரிந்தது. தண்ணீருக்கு மேல் மிஞ்சிய கரை சுமார் 5 அடிதான்! சுமார் 80 ஆயிரம் பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீரை இறக்கினார்கள். ஊர் தப்பியது.

2001 ஜனவரி 26 அன்று குஜராத் பூகம்பத்தில் சாங், சிவ்லாகா முதலிய மண் அணைகள் சரிந்தன. அப்போது அணைகளில் தண்ணீர் குறைவு. அதனால் வெள்ளம் வரவில்லை.

நம் ஏரிக்கரை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. அருகே செம்பரம்பாக்கம் ஏரி. நிறைந்தால் 24 அடி; 364 கோடியே 50 லட்சம் கன அடி தண்ணீர். அதைத் தாங்குவது மண் கரை.

சென்னைப் பக்கம் பெரிய பூகம்பம் அபூர்வம். ஆனாலும் 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட பூகம்பம் சென்னையையும் ஆட்டியது. 2002-ல் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள்.

சம்மட்டி சொல்லும் சேதி

மண்ணின் பலத்தை எப்படி அறிவது? துளை போட்டு, அதில் ஒரு குழாயை இறக்குகிறார்கள். 63.5 கிலோ சம்மட்டி 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து அதை அடிக்கிறது. 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுகிறார்கள். சில அடிகளிலேயே இறங்கினால் மண் தளர்ச்சி, ஆபத்து அதிகம். பல அடி கேட்டால் இறுக்கம். எடுத்த மண் மணலா, வண்டலா, ஒட்டும் களிமண்ணா என்றும் பார்க்கிறார்கள். களிமண் பொதுவாக இப்படிக் கரைந்து ஓடாது.

தளர்ந்த மண்ணை இறுக்கலாம். சரிவின் அடியில் கல் அடுக்கிப் பாரம் ஏற்றலாம். தண்ணீர் வெளியேற வழி செய்யலாம்.

பூமி குலுக்குவதற்கு முன்னால் நாம் அளந்துவிட வேண்டும். அதுதான் புத்திசாலித்தனம்!