தந்தி கற்பிக்கும் பாடம்

"தந்தி!" என்ற குரல் கேட்டாலே வீடு நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. 1850-ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கிய இந்தியத் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலையில் முடிவுற்றது. அதற்கு முன்பே அதன் பணியாளர்களின் வேலை பலமுறை மாறியது. மோர்ஸ் ஒலியைக் காதால் கேட்டு எழுதினர். பின்னர் டெலிபிரிண்டரில் தட்டெழுதினர். பிறகு கணிப்பொறியைக் கற்றனர். கருவிகள் மாறின, பிழையின்றி, தாமதமின்றிச் செய்தி சேர்க்கும் பொறுப்பு மாறவில்லை.

பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பிரிவில் சேர்வது, படித்த படிப்புக்கு வேலை நிலைக்குமா என்று நாம் அஞ்சுகிறோம். நாளை வரும் கருவியை இன்றே அறிய இயலாது. ஆனால் கவனம், நேரந்தவறாமை, புதியதைக் கற்கும் பணிவு ஆகியவற்றை இன்றே பழகலாம். தோழியரே, தெரியாத பயணத்துக்கு நாம் கட்டிக்கொள்ளும் கட்டுச்சோறு இவையே!