இரணியல் மொட்டை மாடியிலிருந்து சூப்பர்நோவா பார்க்க முடியுமா?

புது டெலஸ்கோப்பை மொட்டை மாடியில் நிறுத்தி, ஆசையாகக் கண்ணை வைத்தால்... 'என்னடே இது, புகை மாதிரி இருக்கு!' கேலக்ஸியை முதன்முதலாகப் பார்க்கிற பலருக்கும் இந்த ஏமாற்றம் உண்டு. இன்ஸ்டாவில் பார்த்த கலர் எல்லாம், கேமரா மணிக்கணக்கில் சேர்த்துவைத்த வெளிச்சம். நம் கண்ணால் அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. ஆனால், அந்தப் புகையைப் பார்த்துப் பழகிவிட்டால், ஒருநாள் அதற்குள் புதுப் புள்ளி ஒன்று முளைப்பதை நீங்களே பார்க்கலாம். அதுதான் சூப்பர்நோவா!

புள்ளி எங்கிருந்து வந்தது?

சூரியனைவிடப் பல மடங்கு எடையுள்ள நட்சத்திரத்தில் எரிபொருள் தீர்ந்துபோனால், அதன் மையம் தன் எடையைத் தாங்காமல் உள்ளே சரியும்; வெளிப்பகுதி வெடித்துச் சிதறும். 2023 மே 19 அன்று எம்101 என்ற கேலக்ஸியில் அப்படி ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் கொய்ச்சி இதாகாகி. இவர் தொழில்முறை விஞ்ஞானி இல்லை, நம்மைப்போல ஆர்வத்தில் வானம் பார்ப்பவர்தான். அந்த வெளிச்சம் பூமிக்கு வர சுமார் 2.1 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன!

6 அங்குல டெலஸ்கோப்பிலேயே அது தெரிந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எம்101-ன் வெளிச்சம் கிட்டத்தட்ட முழு நிலா அகலத்துக்குப் பரவியிருப்பதால், தெருவிளக்கு வெளிச்சத்திலேயே காணாமல் போய்விடும். வெடித்த நட்சத்திரமோ ஒரே புள்ளி என்பதால் சுலபமாகத் தெரியும். 'எது புதுசு?' என்று கண்டுபிடிக்க, அதே கேலக்ஸியின் பழைய போட்டோவோடு ஒப்பிட்டால் போதும். இரணியலில் எம்101 மே மாத இரவுகளில் வடக்கே பாதி வானம் வரை ஏறும். ஆனால் ஜூன் மழைக்கு முன்னால் பார்த்தாக வேண்டும்.

தெற்கில் ஒரு போனஸ்

1987 பிப்ரவரியில், பெரிய மாகெல்லன் மேகம் என்ற குட்டி கேலக்ஸியில் வெடித்த சூப்பர்நோவா வெறும் கண்ணுக்கே தெரிந்தது. டெல்லியில் இந்தக் கேலக்ஸி உதிப்பதே இல்லை. சென்னையில் சுமார் 7 டிகிரி உயரம்தான் வரும். இரணியலில் 12 டிகிரி வரை வரும். அதாவது, கையை நீட்டி மடக்கிய முஷ்டியைவிடக் கொஞ்சம் அதிக உயரம். ஊருக்குள் தென்னை மறைத்துவிடும் என்பதால் முட்டம் கடற்கரைக்குப் போங்கள். பிப்ரவரி தொடக்கத்தில், நிலா இல்லாத இரவு 9 மணிக்குத் தெற்கே பைனாகுலரைத் திருப்பினால், மங்கலான மேகத்துண்டு போலத் தெரியும்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

ஆண்ட்ரோமீடாவில்! 25 லட்சம் ஒளி ஆண்டுகள் தொலைவில் இருந்தாலும் பைனாகுலரே போதும். டிசம்பர் தொடக்கத்தில் இரவு 8 மணிக்கு வடக்கே உயரத்தில் இருக்கும். முதல் 20 நிமிடம் போனைத் தொடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக வேண்டும். நேராக முறைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் தெளியும்.

1885-ல் ஆண்ட்ரோமீடாவில் ஒரு சூப்பர்நோவா தெரிந்தது. அதற்குப் பிறகு அங்கே இன்னொன்றை யாரும் பார்க்கவில்லை. அடுத்ததன் வெளிச்சம் இப்போது வந்துகொண்டே இருக்கலாம். அது வந்துசேரும் ராத்திரி, அந்தப் புகையை ஏற்கெனவே பார்த்துப் பழகியவருக்குத்தான் புதுப் புள்ளி முதலில் கண்ணில் படும்.