நஞ்சு கீழே இருக்கிறதா?

ஐந்தாம் மாத ஸ்கேனில் ‘நஞ்சு கீழே இருக்கு’ என்று டாக்டர் சொன்னதுமே பல வீடுகளில் கலக்கம் குடியேறிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் இவ்வளவு பயம் தேவையில்லை.

தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலக்காமலே உணவையும் பிராணவாயுவையும் மாற்றிக் கொடுக்கும் உறுப்புதான் நஞ்சு எனப்படும் நஞ்சுக்கொடி. நிறைமாதத்தில் சுமார் அரைக் கிலோ எடை, ஒரு சாண் அகலம். பிரசவம் முடிந்ததும் நர்ஸ் அதைத் தட்டில் விரித்து, கருஞ்சிவப்பான தாய்ப்பக்கத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பார். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் உதிரப்போக்கு நிற்காது.

நஞ்சு கர்ப்பப்பையின் மேற்பகுதியில் ஒட்டியிருப்பதே நல்லது. கர்ப்பப்பை வாய்க்கு 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் கீழிறங்கிய நஞ்சு என்கிறோம். வாயையே மூடினால் ஆபத்து அதிகம். ஆனால் ஊதாத பலூனின் வாயருகே புள்ளி வைத்து ஊதிப் பாருங்கள், புள்ளி விலகிப் போகும். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரியும்போதும் அதுவே நடக்கிறது. ஐந்தாம் மாதத்தில் கீழே தெரிவதில் பத்துக்கு ஒன்பது, பிரசவத்துக்குள் விலகிவிடுகின்றன. 32-ஆம் வாரம் மறுபடி ஸ்கேன் பார்த்தால் தெரியும்.

விலகாவிட்டால் முக்கிய அறிகுறி வலியே இல்லாத உதிரப்போக்கு. வலியில்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஏனென்றால் நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சின் இடம் தெரியாமல் விரல்விட்டுச் சோதிக்கவும் கூடாது. ரத்தசோகையை முன்பே சரிசெய்து, ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் பெரும்பாலும் 36, 37-ஆம் வாரத்தில் சிசேரியன் செய்வார்கள்.

வயிறு கெட்டியாகி வலிக்க, நஞ்சு முன்கூட்டியே பிரிவது வேறு வகை. உயர் ரத்தஅழுத்தம் உள்ளவர்களுக்கும், அடிபட்டவர்களுக்கும் வரக்கூடும்; ரத்தம் உள்ளேயே தேங்கி, வெளியே தெரியாமலும் போகலாம்.

முந்தைய சிசேரியன் தழும்பின் மேல் நஞ்சு வேரூன்றுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நஞ்சு வாயை மூடியிருக்க, முன்பு ஒரு சிசேரியன் ஆகியிருந்தால் நூற்றில் பதினோரு பேருக்கும், இரண்டு ஆகியிருந்தால் நாற்பது பேருக்கும் இது நேர்கிறது. கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். ஆகவே முதல் சிசேரியன் அவசியம்தானா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கர்ப்பகாலத்தில் உதிரம் பட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே 108-ஐ அழையுங்கள்.