ஒலியால் அளந்த ஆழி

மட்டக்களப்புக்கு 'மீன்பாடும் தேன்நாடு' என்னும் பெயரைத் தேடித் தந்தது, வாவியின் அடியிலிருந்து எழும் ஓர் ஒலியாகும். நிலாக் காலத்திலே கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியிற் பொருத்தி அதனைக் கேட்பது இவ்வூர் வழக்கம். 1848-இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் அவ்வொலியைக் கேட்டுத் தம் நூலில் எழுதி வைத்தார். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலாநந்த அடிகளோ, 1947-இல் வெளிவந்த 'யாழ் நூ'லில் 'நீரர மகளிர்' இசையாக அதனை உருவகித்தார். பாடுவது மீனா, சிப்பியா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். துடுப்பைச் செவியில் வைத்த நம் முன்னோர், நீர் ஒலியை நன்கு கடத்தும் என்ற உண்மையைக் கைக்கொண்டிருந்தனர் என்பதே இங்கு நாம் கருத வேண்டியது.

காற்றிலே ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். கடல் நீரிலோ ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். சூரிய ஒளி 200 மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பாலும் மங்கி மறைந்துவிட, ஒலி மட்டுமே ஆழியின் அடிவரை சென்று மீள வல்லது. ஆதலின் கடலடியைக் காண விரும்புவோனுக்குக் கண்ணாக அமைவது செவியே.

அதற்கு முன்னர் மனிதன் நம்பியிருந்தது கயிற்றையும் ஈயக்குண்டையுமே. நாவலடியில் ஒரு முதிய மீனவரிடம் அதுபற்றி வினவினேன். அவர் சிரித்துக்கொண்டே, "வாத்தியார், கயிறை நம்பப்படாது. ஓட்டம் இழுத்தா அது சரிஞ்சு நிக்கும். பத்துப் பாகத்தைப் பன்னிரண்டு பாகமெண்டு காட்டும்" என்றார். கடல்நூலோர் நெடுங்காலம் பட்ட இடரை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆழ்கடலில் ஒரேயிடத்தை அளக்கவே சில மணி நேரம் கப்பலை நிறுத்தவேண்டியிருந்தது; அளந்த பின்னும் ஐயம் தீர்ந்தபாடில்லை.

1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதன் பின்னர் எதிரொலியால் தடைகளை அறியும் முயற்சிகள் விரைவு பெற்றன. கனடாவிற் பிறந்த பெசண்டன் 1914-இல் பனிப்பாறையின் எதிரொலியைக் கடலிலே கேட்டுக் காட்டினார். 1925 முதல் 1927 வரை தென் அத்திலாந்திக்கை ஆராய்ந்த ஜெர்மானியக் கப்பலான 'மீற்றியோர்', எதிரொலிமானியைக் கொண்டு ஆயிரக்கணக்கான இடங்களில் ஆழம் கண்டது. தட்டையென்று எண்ணப்பட்ட கடலடியில் மலைத்தொடர்கள் நிமிர்ந்து நிற்பது அப்போது தெளிவாயிற்று.

கணக்கு எளிதுதான். ஒலி சென்று மீளும் நேரத்தைப் பாதியாக்கி, வேகத்தாற் பெருக்க ஆழம் கிடைக்கும். 3,700 மீட்டர் ஆழமாயின், எழுப்பிய ஒலி ஏறத்தாழ ஐந்து விநாடியில் திரும்பும். செயலிலோ பல இடர்கள் உண்டு. நீரின் வெப்பம், உப்பு, அழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப ஒலியின் வேகம் மாறும். கங்கை முதலிய பேராறுகளின் நன்னீரைப் பெறும் வங்கக் கடலில், மேற்பரப்பு நீரின் உப்புத்தன்மை குறைவு. ஆகவே ஆய்வுக் கப்பலிலுள்ளோர் இடையிடையே கருவியை ஆழத்துக்கு இறக்கி நீரின் தன்மையை அளந்து, அதற்கேற்பக் கணக்கைத் திருத்துவர். கப்பலின் ஆட்டத்தையும் கணத்துக்குக் கணம் கழிக்கவேண்டும். இன்றைய பலகற்றைச் சோனார், விசிறி விரித்தாற்போல் நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை ஒருங்கே அனுப்பி, ஆழத்தைப்போலச் சில மடங்கு அகலமுள்ள பட்டையை ஒரே ஓட்டத்தில் வரைந்துவிடும்.

இவ்வாறு வரையப்பட்ட நம் கிழக்குக் கடலின் அடி எத்தகையது? மட்டக்களப்பு ஏறக்குறைய வட அகலாங்கு 8 பாகையை ஒட்டியுள்ளது. அக்கோட்டின் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால், ஒடுங்கிய கண்டத்திட்டைக் கடந்ததும் அடித்தளம் சரிந்து இறங்கி, மாபெரும் சேற்றுச் சமவெளியை அடைகிறது. கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்தை அரித்துக் கொணர்ந்த மண் அது. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீண்டு, இலங்கைக்கும் தெற்கே பரந்து கிடக்கும் அதனை 'வங்க விசிறி' என்பர். உலகிலே அதனினும் பெரிய கடலடி விசிறி இல்லை. அதன்மீது, நிலத்து ஆறுகள் போலவே வளைந்து நெளிந்து, இருபுறமும் கரைகட்டிச் செல்லும் கால்வாய்களையும் ஒலி காட்டிற்று. 2015 ஜனவரி முதல் மார்ச் வரை 'ஜோய்டஸ் ரெசலூசன்' என்னும் கப்பல், இதே 8 பாகைக் கோட்டில் ஏழு இடங்களைத் துளையிட்டு மண்ணெடுத்தது. நம் கடற்கரையில் நின்று கிழக்கே பார்ப்பவன், கண்ணுக்குத் தெரியாத இமயத்தையே பார்க்கிறான் எனலாம்.

வியப்போடு இச்செய்தி முடிந்துவிடுமாயின் நான் எழுதப் புகுந்திரேன். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலை, சுமாத்திராவின் அருகே பிறந்த ஆழிப்பேரலை இச்சமவெளியைக் கடந்தே நம் கரைக்கு வந்தது. நாவலடி, திருச்செந்தூர், டச்பார் எனக் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஊர்கள் சிதைந்தன. விடுமுறைக்குப் பின் பாடசாலை திறந்தபோது, என் வகுப்பிலே ஒரு மாணவி கேட்டாள்: "சேர், நடுக்கடலில நிண்ட வள்ளக்காரருக்கு ஏன் ஒண்டும் தெரியல்ல?"

அவளுக்குரிய விடை கடலின் ஆழத்திலே இருக்கிறது. பேரலையின் வேகத்தை நிர்ணயிப்பது ஆழமே. 3,700 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 680 கிலோமீட்டர் வேகத்தில் விரையும். உயரமோ மிகச் சிறிது. நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் வங்கக் கடலின் மேலே சென்ற 'ஜேசன்-1' செய்மதி அளந்த உயரம் 60 சென்ரிமீட்டர் அளவே. வள்ளம் அதனை உணராது. கரையை அண்மித்து ஆழம் 50 மீட்டராகச் சுருங்கும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைகிறது. பின்வரும் நீர் முன்னதை நெருக்க, அலை சுவராக எழுகிறது. எந்த ஊரில் எவ்வளவு எழும் என்பதை அவ்வூர் முன்னுள்ள கடலடியின் வடிவமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. ஆழ வரைபடம் இன்றேல் எச்சரிக்கைக் கணிப்பும் இல்லை.

இங்குதான் ஒரு முரண் உள்ளது. ஆழ்கடலில் சோனாரின் பட்டை பல கிலோமீட்டர் அகலமாக விரிகிறது. பத்து மீட்டர் நீரிலோ சில பத்து மீட்டர்களாக ஒடுங்கிவிடுகிறது. பெருங்கப்பல் அங்கு வரவும் முடியாது. எனவே மக்கள் வாழும் கரையோரத்தை அளப்பதே மிகக் கடினம். மேலும் பாலமீன்மடு முகத்துவாரத்தின் மணல்மேடு மாரிதோறும் இடம் மாறுகிறது; நேற்றைய படம் நாளைக்கு உதவாது. உலகக் கடலடி முழுவதையும் 2030-க்குள் வரைய 2017-இல் ஒரு கூட்டுமுயற்சி தொடங்கிற்று. 2025 நடுப்பகுதி வரை நிறைவேறியது கால் பங்கைச் சற்றே விஞ்சிய 27.3 விழுக்காடுதான்.

எஞ்சியதைப் பெருநாடுகளின் கப்பல்கள் வந்து முடிக்கட்டும் என்று நாம் வாளாவிருத்தல் தகாது. மீன்பிடிக் கலங்கள் பலவற்றில் இன்று சிறு எதிரொலிமானி உண்டு. அவற்றின் அளவுகளைத் திரட்டி உலகத் தொகுப்பிற் சேர்க்கும் ஏற்பாடும் உளது. அரசின் இசைவோடு நம்மவரும் அதிற் பங்குகொள்ளலாம். எந்தப் பார் எத்தனை பாகத்தில் உள்ளது, எங்கே சேறு, எங்கே கல் என்று முதியோர் அறிந்தவை அவர்களோடு மறைந்துவிடாமல், மாணவர் அவற்றைக் கேட்டெழுதலாம். ஆசிரியர்களே, அடுத்த முறை ஒலி பற்றிய பாடத்தை நடத்தும்போது கிணற்று எதிரொலியோடு நின்றுவிடாதீர்கள். நம் கரைக்கு அப்பால் கடல் எவ்வாறு சரிந்து இறங்குகிறது என்பதையும் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். அந்தக் கோட்டை அறிந்த பிள்ளை, கடல் திடீரென்று உள்வாங்கும் நாளில் வேடிக்கை பார்த்து நிற்காது. ஊரையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடும்.