பள்ளிக் குழந்தைகளும் இதய நோய்த் தடுப்பும்

குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் தொண்டைவலி பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ஆனால், 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரியால் தோன்றும் தொண்டை அழற்சியைக் கவனியாது விட்டால், இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் சிலரை ருமாட்டிக் காய்ச்சல் பற்றுகிறது. நுண்ணுயிரியை எதிர்த்து எழும் உடலின் தற்காப்பு ஆற்றல் சொந்தத் திசுக்களையே தாக்குவதால் விளைவது இது. மூட்டு வீக்கம் சுவடின்றி மறைந்துவிடும். இதய வால்வுகளில் ஏற்படும் பழுதோ நிலைத்துவிடக்கூடும். காய்ச்சல் திரும்பும்போதெல்லாம் அப்பழுது மிகும்.

பெரிதும் 5 முதல் 15 வயதுக்குள் இக்காய்ச்சல் தாக்குவதால், பள்ளியே தடுப்புப் பணிக்கு ஏற்ற களமாகும்.

தடுப்பு முறை இருவகைப்படும். தொண்டை அழற்சிக்கு உரிய காலத்தில் பென்சிலின் அளித்தால் காய்ச்சல் தோன்றாது தடுக்கலாம். இது முதல்நிலைத் தடுப்பு. ஒருமுறை காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பென்சதீன் பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து போடுவது இரண்டாம்நிலைத் தடுப்பு.

நோயை முன்னரே கண்டறிவதும் இன்றியமையாதது. ஹரியானாவின் பல்லப்கரில் 6,270 பள்ளிக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், மருத்துவரின் நேரடிப் பரிசோதனையில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இந்நோய் தென்பட்டது. எக்கோ கருவியோ ஆயிரத்தில் சுமார் 20 பேரிடம் அதன் அறிகுறிகளைக் காட்டியது. இவ்வாறு மறைந்திருக்கும் நிலையிலேயே ஊசி தொடங்கினால் பயனுண்டா? உகாண்டாவில் 818 சிறாரிடம் நடந்த ஆய்வு இதற்கு விடை தந்தது. இரண்டாண்டுகளில் ஊசி பெற்றோருள் 0.8 விழுக்காட்டினருக்கும், பெறாதோருள் 8.2 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியிருந்தது.

இந்தியாவில் 2013இல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தேட வேண்டிய நோய்களுள் ருமாட்டிக் இதய நோயும் ஒன்று. எனினும், ஆண்டுக்கொரு பரிசோதனை மட்டும் போதாது. நலமாக ஓடியாடும் குழந்தைக்கு வலிமிக்க ஊசி எதற்கு என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் கூலியும் போகிறது. இடையில் ஊசி நின்றுவிட்டால் அதுவரை பெற்ற பாதுகாப்பும் நீங்கிவிடும்.

இங்கேதான் ஆசிரியரின் துணை வேண்டப்படுகிறது. காய்ச்சலுடன் தொண்டைவலியோ மூட்டுவலியோ கண்ட மாணவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல், அடுத்த ஊசிக்குரிய நாளைக் குறித்துவைத்து நினைவூட்டுதல், மாணவர் பள்ளி மாறினால் அவ்விவரத்தையும் உடன் அனுப்புதல் ஆகியவை எளிய பணிகளே. ஊசி தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்வது சுகாதாரத் துறையின் பொறுப்பு. இவ்விரண்டும் இணைந்தால், பின்னாளில் வால்வு அறுவைச் சிகிச்சையை நாடும் நிலையிலிருந்து பல குழந்தைகளைக் காக்க இயலும்.