வெளிநாட்டில் உதைபந்தாட்டம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் ரயிலைப் பாருங்கள்

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒருநாள் நமது கடைக்கு வழமையாகச் சரக்கெடுக்க வரும் தம்பி ஒருவர், கையில் ஒரு தாளுடன் வந்தார். ஜெர்மனியில் நடைபெறவிருந்த ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகளைப் பார்க்க அவரும் அவரது மச்சானும் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தனர். மூன்று போட்டிகளுக்கான டிக்கட்டுகளை நேரடியாக வாங்கியாயிற்று. விமானம், ஹோட்டல் முதலியவற்றைப் பயண முகவர் ஒருவர் ஒழுங்கு செய்து விலைப்பட்டியல் கொடுத்திருந்தார். "நானா, நீங்க கணக்கு வழக்குத் தெரிஞ்சவர். இது சரியா எண்டு ஒருக்காப் பாருங்க" என்றார்.

பட்டியலைப் பார்த்தேன். விமானக் கட்டணம் நியாயம்தான். ஹோட்டலும் பரவாயில்லை. ஆனால் கடைசி வரியில் "மைதானப் போக்குவரத்து" என்று போட்டு, ஆளுக்கு ஒரு போட்டிக்கு 60 யூரோ எழுதப்பட்டிருந்தது. இரண்டு பேருக்கு மூன்று போட்டிகள் என்றால் 360 யூரோ. அன்றைய நாணய மாற்றில் ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டும் தொகை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் சகோதரியின் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "மாமா, அதுக்கு ஏன் காசு? மெச் டிக்கட் இருந்தா ரயில், பஸ், ட்ராம் எல்லாம் சும்மா தானே" என்று சிரித்தான்.

சும்மா கிடைப்பதற்கு ஒரு இலட்சம் ரூபா! இந்த வாரம் இதைப்பற்றி எழுதுவதற்கு அதுதான் காரணம். நம்மவர்களில் உதைபந்தாட்டப் பிரியர்கள் ஏராளம். கிண்ணப் போட்டிகளுக்காக வெளிநாடு செல்வோரும் கூடி வருகிறார்கள். ஆனால் போய்ச் சேர்ந்த பின் மைதானத்துக்கு எப்படிப் போவது என்பதை யாரும் யோசிப்பதில்லை. பணம் கரைவதும் ஆட்டம் தவறுவதும் அந்த இடத்தில்தான்.

டிக்கட்டுக்குள் அடங்கிய பயணம்

ஜெர்மனியில் உள்ளூர்க் கழகப் போட்டிகளுக்கே பெரும்பாலும் நுழைவுச்சீட்டோடு பொதுப் போக்குவரத்தும் சேர்ந்து வரும். 2006 உலகக் கிண்ணம் 12 நகரங்களில் நடந்தபோதும் இதே முறைதான். போட்டி டிக்கட் வைத்திருந்தவர்கள் அன்றைய தினம் அந்த நகரத்து ரயில், பஸ், ட்ராம்களில் தனியாகக் கட்டணம் செலுத்தவில்லை.

2024 இல் இந்தச் சலுகை இன்னும் விரிந்தது. டிக்கட் பெற்றவர்களுக்கு 36 மணித்தியாலப் பயண அனுமதி கிடைத்தது. போட்டி தினம் காலை 6 மணி முதல் மறுநாள் மாலை 6 மணி வரை, போட்டி நடக்கும் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் சேர்ந்த உள்ளூர்ச் சேவைகளில் அது செல்லுபடியாகும். நகரங்களுக்கிடையில் ஓடும் கடுகதி ரயில்களுக்கு அது செல்லாது. அவற்றுக்கு டிக்கட் வைத்திருப்போருக்கான சலுகைக் கட்டணம் தனியாக இருந்தது. இரண்டாம் வகுப்பில் ஒருவழிப் பயணத்துக்கு 29.90 யூரோ, முதலாம் வகுப்பில் 39.90 யூரோ.

இதை ஏன் கொடுக்கிறார்கள்? தர்மத்துக்கு அல்ல. வியாபாரிகளான நமக்குப் புரியும்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மைதானத்துக்கு 60,000 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். காருக்கு மூன்று பேர் வீதம் வந்தாலும் 20,000 கார்கள். ஒரு காரை நிறுத்தவும் திருப்பவும் 25 சதுர மீற்றர் வேண்டும் என்றால் மொத்தம் 5 இலட்சம் சதுர மீற்றர், அதாவது 120 ஏக்கருக்கு மேல். ஒரு நகரத்தின் நடுவில் அவ்வளவு காணிக்கு எங்கே போவது? அதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ரயிலுக்கு ஒரு தொகையைக் கொடுத்து அனைவரையும் அதில் ஏற்றிவிடுவது மலிவு. வாசலில் டிக்கட் வாங்கும் வரிசையும் மிச்சம், வீதி நெரிசலும் மிச்சம்.

ஆகவே "இலவசம்" என்ற சொல்லைச் சற்றுக் கவனமாகவே எடுக்கவேண்டும். அந்தச் செலவை ஏற்பாட்டாளர்கள் ஏற்கனவே தங்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் ரயிலில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதற்கான பங்கு உங்கள் டிக்கட் பணத்துக்குள் போய்விட்டது. கொடுத்த காசுக்குரிய பொருளை எடுக்காமல் வெளியே இன்னொருவருக்கு அதே காசைக் கொடுப்பது நட்டம்தானே.

கட்டாரும் ரஷ்யாவும் செய்தவை

2022 இல் கட்டாரில் நடந்த உலகக் கிண்ணம் நம்மவர்களில் பலர் நேரில் கண்டது. நம் நாட்டவர்கள் பெருமளவில் தொழில் புரியும் இடம் அது. எட்டு மைதானங்களும் டோஹாவிலும் அதைச் சூழவும் அமைந்திருந்தன. மிகத் தூரமான இரண்டுக்கும் இடையில் சுமார் 75 கிலோமீற்றர்தான். 2019 மே மாதம் ஓடத் தொடங்கிய டோஹா மெட்ரோ, சிவப்பு, பச்சை, தங்கம் என்ற மூன்று பாதைகளில் 37 நிலையங்களை இணைத்தது. ஐந்து மைதானங்களுக்கு மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். அல் பைத், அல் ஜனூப், அல் துமாமா ஆகிய மூன்றுக்கும் மெட்ரோவில் போய் அங்கிருந்து பஸ் எடுக்கவேண்டும்.

ஹய்யா அட்டை வைத்திருந்தவர்களுக்கு நவம்பர் 10 முதல் டிசம்பர் 23 வரை இவை அனைத்தும் இலவசம். அதே அட்டைதான் நாட்டுக்குள் நுழையும் அனுமதியும்கூட. ஹோட்டல் விலை எட்டமுடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. துபாய், மஸ்கட், ஜித்தா போன்ற நகரங்களில் தங்கி, காலையில் விமானத்தில் வந்து, ஆட்டம் பார்த்துவிட்டு இரவு திரும்பும் சேவைகள் நடந்தன. மெட்ரோ செல்லும் வழியை உயரமான கதிரையில் அமர்ந்து ஒலிபெருக்கியில் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டிருந்த கென்ய நாட்டு இளைஞர் ஒருவர் உலகப் புகழ் பெற்றதும் நினைவிருக்கலாம். எவ்வளவு செலவழித்து ரயில் போட்டாலும், வழிகாட்ட ஒரு மனிதர் தேவை என்பதை அவர் காட்டினார்.

ரஷ்யா 2018 இல் வேறொரு சிக்கலைத் தீர்க்கவேண்டியிருந்தது. 11 நகரங்கள், அவற்றுக்கிடையில் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீற்றர்கள். அங்கு போட்டி நகரங்களுக்கிடையில் ஓடிய விசேட ரயில்களையே ரசிகர்களுக்கு இலவசமாக்கினார்கள். ஆனால் சும்மா போய் ஏறமுடியாது. போட்டி டிக்கட்டையும் ரசிகர் அடையாள அட்டையையும் காட்டி முன்கூட்டியே ஆசனம் பதிவு செய்யவேண்டும். முந்தியவருக்கே இடம்.

ரயில் தாமதமானால்?

ரயிலைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைப்பது நியாயமாகாது. "ஜெர்மனி என்றால் மணிக்கூடு போல ஓடும்" என்று நாம் நினைத்திருந்தோம். 2024 இல் ஜெர்மனியின் தூரப் பயண ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு ஓடின. ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தை அவர்கள் தாமதமாகவே எண்ணுவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய பாதைகளும், பல வருடங்கள் தள்ளிப்போட்ட திருத்த வேலைகளும் இதற்குக் காரணம்.

அந்தச் சுற்றுப்போட்டியின் பணிப்பாளராக இருந்தவர் ஜெர்மனியின் முன்னாள் அணித்தலைவர் பிலிப் லாம். ரயில் தாமதத்தால் அவரே டுசல்டோர்பில் நடந்த ஸ்லோவாக்கியா – உக்ரைன் ஆட்டத்தின் ஆரம்பத்தைத் தவறவிட்டார். அரையிறுதிக்காக டோர்ட்மண்ட் செல்லவிருந்த நெதர்லாந்து அணியின் ரயில் பயணம் ரத்தாகி, வீரர்கள் விமானத்தில் போனார்கள். கெல்சன்கிர்ஹன் நகரில் இங்கிலாந்து – சேர்பியா ஆட்டம் முடிந்த இரவு, மைதானத்திலிருந்து நகருக்குத் திரும்பும் ட்ராம்களுக்காக ஆயிரக்கணக்கானோர் நீண்ட நேரம் காத்துக்கிடந்தனர்.

இதில் யாரையும் குறைசொல்லி முடிக்கமுடியாத ஒரு கணக்கும் உண்டு. மைதானத்துக்கு வரும்போது மக்கள் நாலைந்து மணித்தியாலத்தில் பிரிந்து வருவார்கள். போகும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள். ஒரு ரயில் 1,000 பேரை ஏற்றி, மூன்று நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்பட்டாலும் மணித்தியாலத்துக்கு 20,000 பேர்தான். 60,000 பேர் கலைய மூன்று மணித்தியாலம் வேண்டும். இதை யாராலும் மந்திரத்தால் மாற்றமுடியாது.

நம் தம்பிக்கும் அவரது மச்சானுக்கும் பாடம் கிடைத்தது இங்கேதான். போக்குவரத்துப் பணத்தை மிச்சப்படுத்தினார்கள். ஆனால் ஒரு போட்டிக்கு ஆட்டம் முடிந்து ஒரு மணித்தியாலத்தில் புறப்படும் கடுகதி ரயிலுக்கு மலிவு டிக்கட் எடுத்து வைத்திருந்தார்கள். மேலதிக நேரமும் சனக்கூட்டமும் சேர, நிலையத்துக்கு வரும்போது ரயில் போய்விட்டது. மலிவு டிக்கட் குறித்த ரயிலுக்கு மாத்திரமே செல்லும். ரயில் பிந்தினால் அடுத்த ரயிலில் ஏற வழி உண்டு, நாம் பிந்தினால் டிக்கட் போனதுதான். புது டிக்கட்டுக்கு இருவருமாக மிச்சம்பிடித்த பணத்தில் கணிசமான பகுதியைக் கொடுத்தார்கள்.

போகுமுன் கவனிக்கவேண்டியவை

முதலாவது, எந்தச் சுற்றுப்போட்டியானாலும் டிக்கட்டில் போக்குவரத்து அடங்குமா, எத்தனை மணிவரை, எந்த எல்லைவரை என்று ஏற்பாட்டாளரின் அறிவித்தலில் பாருங்கள். ஒரு நாட்டில் இருந்தது இன்னொரு நாட்டிலும் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

இரண்டாவது, வீசா. ரஷ்யாவிலும் கட்டாரிலும் ரசிகர் அட்டையே நுழைவு அனுமதியானது. ஜெர்மனிக்கு அப்படியல்ல, கையில் போட்டி டிக்கட் இருந்தாலும் ஷெங்கன் வீசா வேண்டியிருந்தது. 2028 ஐரோப்பியக் கிண்ணம் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வழங்கப்பட்டிருக்கிறது. ஷெங்கன் வீசா இவ்விரண்டுக்கும் செல்லாது. இலங்கைக் கடவுச்சீட்டில் லண்டனிலும் டப்ளினிலும் ஆட்டம் பார்க்க இரண்டு வீசாக் கட்டணம். 2030 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவும் ஸ்பெயினும் போர்த்துக்கலும் சேர்ந்திருப்பதால் அங்கும் இதே கணக்குத்தான். ஒரே நாட்டுக்குள் போட்டிகளைத் தெரிவு செய்தால் செலவு குறையும்.

மூன்றாவது, மைதானத்துக்கு அருகில் ஹோட்டல் தேடாதீர்கள், ரயில் பாதைக்கு அருகில் தேடுங்கள். ஜெர்மனியில் டோர்ட்மண்ட், கெல்சன்கிர்ஹன், டுசல்டோர்ப், கொலோன் ஆகிய நான்கு போட்டி நகரங்களும் ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தன. இடையில் உள்ள சிறிய ஊரொன்றில் ஒரே அறையில் தங்கி நான்குக்கும் போய்வர முடிந்தது.

நான்காவது, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை முதல் ரயிலுக்கு முன்னரே பாருங்கள். ஆட்டம் முடிந்து குறைந்தது மூன்று மணித்தியாலம் விட்டுத்தான் தூரப் பயணத்தைப் பதிவு செய்யவேண்டும். முடிந்தால் அன்றிரவு அங்கேயே தங்கி மறுநாள் காலை புறப்படுங்கள்.

ஐந்தாவது, பொதி. 2024 இல் ஏ4 தாளின் அளவைவிடப் பெரிய பைகளை மைதானத்துக்குள் விடவில்லை. பெட்டியோடு நேராகப் போனவர்கள் வாசலில் திண்டாடினார்கள். டிக்கட்டும் கையடக்கத் தொலைபேசியில்தான் இருந்தது. மின்னேற்றம் தீர்ந்தால் டிக்கட்டே இல்லாதவர்தான்.

பயண முகவர் தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இலாபம் எடுப்பதை யாரும் குற்றம் சொல்லவில்லை. எந்த ஊரில் தங்கலாம், எந்த ரயிலில் திரும்பலாம், எந்த வீசா முதலில் எடுக்கவேண்டும் என்ற அறிவுக்கு விலை போடுங்கள், வாடிக்கையாளர் மனமுவந்து தருவார். டிக்கட்டோடு சேர்ந்து வருவதைப் பிரித்தெடுத்து மீண்டும் விற்றால், அவர் ஒருமுறைதான் வாங்குவார்.

2027 ஆசியக் கிண்ணமும் 2034 உலகக் கிண்ணமும் சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டுள்ளன. ரியாத் மெட்ரோ 2024 டிசம்பரில் மூன்று பாதைகளுடன் தொடங்கப்பட்டுவிட்டது. நம்மவர்கள் கூட்டமாகப் போகும் காலம் தூரத்தில் இல்லை. அன்று உங்கள் கையிலும் ஒரு விலைப்பட்டியல் வரும். கடைசி வரிவரை வாசித்து, இது எதற்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.