'எல்லாமே ஒரிஜினல் சார்' என்கிறார்களா? பழைய கார் வாங்கும் முன் ஆர்.சி.யில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்... ஒரு காலத்தில் தெருவே திரும்பிப் பார்த்த கார்கள். இப்போது இவற்றைத் தேடிப் பிடித்து வாங்க ஒரு கூட்டமே இருக்கிறது. விற்பவர் சொல்லும் முதல் வார்த்தை, "எல்லாமே ஒரிஜினல் சார்". புது பெயிண்ட், பளபளக்கும் பம்பரைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்பு காரைப் பார்க்கும் அதே கவனத்தோடு ஆர்.சி.யையும் படிக்க வேண்டும். ஏன், எப்படி? பார்க்கலாம்.

ஒரிஜினலா என்பது ஏன் முக்கியம்?

மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. இதன்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வாகனம் அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போக முடியாது.

இன்னொரு பக்கம், அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றி அமைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். யாரோ செய்த மாற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்லும் நிலை வரலாம்.

ஆர்.சி.யில் என்னென்ன இருக்கும்?

பலரும் பார்ப்பது உரிமையாளர் பெயரையும் வண்டி எண்ணையும் மட்டும்தான். காரின் ஜாதகமே அதற்குக் கீழேதான் இருக்கிறது. தயாரிப்பாளர், மாடல், தயாரிப்பு மாதம், ஆண்டு, சேஸிஸ் எண், என்ஜின் எண், என்ஜினின் சி.சி., சிலிண்டர் எண்ணிக்கை, எரிபொருள், பாடி வகை, இருக்கைகள், நிறம் எனப் பல விவரங்கள் பதிவாகியிருக்கும்.

இதில் ஒரு விஷயம். தயாரிப்பு ஆண்டு வேறு, முதல் பதிவுத் தேதி வேறு. 50 ஆண்டு கணக்கு முதல் பதிவுத் தேதியில் இருந்துதான் தொடங்கும்.

மாடல் வரலாற்றோடு ஒப்பிடுங்கள்

அந்த ஆண்டில் அந்த மாடல் எப்படி வந்தது என்று தெரிந்தால், ஆர்.சி.யில் உள்ள முரண்பாடு தானாகவே கண்ணில் படும். மூன்று உதாரணங்கள்:

அம்பாசடர்: 1960-களின் மார்க் 2 மாடலில் இருந்தது 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின். டீசல் அம்பாசடர் வந்தது 1970-களின் கடைசியில்தான். 1,817 சி.சி. இசுசு பெட்ரோல் என்ஜின் வந்தது 1990-களில். அப்போ 1966 மாடல் காரின் ஆர்.சி.யில் 'டீசல்' என்றோ '1817' என்றோ இருந்தால்? நடுவில் என்ஜின் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

பிரீமியர் பத்மினி: 'பத்மினி' என்ற பெயரே 1974-ல்தான் வந்தது. அதற்கு முன் 1960-களில் விற்றது பியட் 1100 டிலைட். இரண்டுமே 1,089 சி.சி. தான் என்பதால் சி.சி.யை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 1968-ல் பதிவான காரை 'பத்மினி' என்று சொல்லி விற்றால், மாடல் பெயரையும் முன்பக்க கிரில்லையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: நம்ம சென்னையில் தயாரான கார். 1961-ல் இரண்டு கதவுகளுடன் வந்தது. நான்கு கதவு மாடல் 1960-களின் பிற்பகுதியில்தான் வந்தது. 1963 ஆர்.சி.யோடு நான்கு கதவு ஹெரால்ட் நின்றால், பாடியும் ஆவணமும் வேறு வேறு வண்டிகளுடையதாக இருக்கலாம்.

பாடி வகையையும் விடாதீர்கள். ஆர்.சி.யில் 'சலூன்' என்று இருக்கும் கார், கண் முன்னே கூரை இல்லாமல் நின்றால், கூரையை வெட்டியிருக்கிறார்கள்.

இரும்பில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்

ஆர்.சி. என்பது பதிவான தகவல் மட்டுமே. காரின் உடம்பில் பொறித்திருக்கும் எண்களோடு அது ஒத்துப்போக வேண்டும். சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடம், வெல்டிங் தழும்பு, கோணலான எழுத்துகள் இருந்தால் உஷார்.

என்ஜின் எண் மட்டும் மாறியிருந்தால் உடனே திருட்டு வண்டி என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய காரில் என்ஜின் மாற்றுவது சாதாரணம். ஆனால் மாற்றத்தை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சேஸிஸ் எண்ணே மாறியிருந்தால், பேரம் பேசவே வேண்டாம். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாமே சிக்கல்தான்.

ஸ்மார்ட் கார்டு மட்டும் போதுமா?

போதாது. கார்டிலும் பரிவாகன் இணையதளத்திலும் தெரிவது இப்போதைய நிலவரம். எப்போது என்ஜின் மாறியது, முதலில் என்ன நிறம், இதுவரை எத்தனை கை மாறியது போன்ற கதை பழைய ஆர்.சி. புத்தகத்தின் பக்கங்களில்தான் சீலும் கையெழுத்துமாக இருக்கும். கையால் எழுதிய பதிவுகளைக் கணினியில் ஏற்றும்போது பிழை நேரவும் வாய்ப்பு உண்டு. அதனால் விற்பவரிடம் பழைய புத்தகத்தைக் கேளுங்கள்.

புத்தகம் தொலைந்துவிட்டது என்றால், வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உரிமையாளர் மூலம் விண்ணப்பித்து, பதிவேட்டு நகலான 'பி எக்ஸ்ட்ராக்ட்' கேட்கலாம். இறக்குமதி கார் என்றால், சுங்கத் துறையின் 'பில் ஆஃப் என்ட்ரி' ஆவணம் அவசியம். பிரிட்டனில் தயாரான ஆஸ்டின், மாரிஸ் போன்ற கார்களுக்கு, அந்நாட்டின் பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிடேஜ் டிரஸ்ட், தொழிற்சாலைப் பதிவேட்டை வைத்துச் சான்றிதழ் தருகிறது. அதில் தயாரான தேதி, அசல் என்ஜின் எண், முதல் நிறம் போன்றவை இருக்கும்.

ஆர்.சி.யில் இல்லாதது என்ன?

கார்புரேட்டர், கியர்பாக்ஸ், சீட் துணி, டேஷ்போர்டு மீட்டர்கள் பற்றி ஆர்.சி. ஒன்றும் சொல்லாது. அதற்கு அந்த மாடலின் பழைய ஒர்க்‌ஷாப் மேனுவல், ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும். அதே மாடலை வருஷக்கணக்கில் பழுது பார்த்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போவது இன்னும் நல்லது.

ஆர்.சி., காரில் உள்ள எண், மாடல் வரலாறு. மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம். ஒன்று மாற்றிச் சொன்னாலும், அதற்கான காரணம் எழுத்தில் கைக்கு வரும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.